நாயனம் கற்கும் பிள்ளைக்குக் கொங்கு நாட்டில் பிழைப்பு உண்டா?

கேள்வியின் சுருக்கம்: கோபிசெட்டிபாளையம் பக்கம் விவசாயக் குடும்பம். ஆறாம் வகுப்புப் படிக்கும் மகன், ஊர் நோம்பியில் (திருவிழாவில்) நாயனம், அதாவது நாதஸ்வரம், கேட்டதிலிருந்து அதைத்தான் கற்பேன் என்று நிற்கிறான். குடும்பத்தில் யாரும் வாசித்தவர் இல்லை, பெரியவர்களுக்கு விருப்பமும் இல்லை. எங்கே தொடங்குவது, என்ன வாங்குவது, இதை நம்பி வாழ முடியுமா?

வாழ முடியும். கச்சேரி மேடையை மட்டும் எண்ணிக்கொண்டு இறங்கினால் கஷ்டம். எந்த நேரத்தில் எதை, எவ்வளவு நேரம் வாசிப்பது என்று தெரிந்தவருக்கு இங்கே வேலை ஓயாது. கோயில் முறையும் கல்யாணச் சீரும் (சடங்கும்) தெரிந்த நாயனக்காரர் ஒரு வட்டாரத்துக்கு நாலைந்து பேர் இருந்தாலே அதிகம். மேடை அதற்கு மேல் வருவது.

பெரியவர்களின் தயக்கத்தை முதலில் பார்த்துவிடுவோம். இசை வேளாளரும் மருத்துவர் சமூகத்தாரும் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த கலை இது. அந்த மரியாதையோடு வருகிற யாருக்கும் இது மூடிய கதவு அல்ல. ஷேக் சின்ன மௌலானா ஆந்திரத்துக் கரவதியில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் குடியேறி, 1998-இல் சங்கீத கலாநிதி ஆனார். காலீஷாபி மகபூப், சுபானி மகபூப் தம்பதி 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். பெண் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் காலீஷாபியே பதில். நம் பக்கத்திலேயே, ராசிபுரத்தை அடுத்த நாமகிரிப்பேட்டையின் பெயரை உலகமெல்லாம் கொண்டுபோன கிருஷ்ணன் (1924–2001) இருந்தார். பத்மஸ்ரீ 1981-இல் அவருக்குக் கிடைத்தது. இன்றும் எத்தனையோ கல்யாண மண்டபங்களில் விடிகாலையில் ஒலிப்பது அவருடைய ஒலிப்பதிவுதான். அந்த நாதத்தின் மென்மையைக் கேளுங்கள். நாயனம் என்றால் காதைப் பிளக்கும் என்பவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

இப்போது தொடக்கம். முதல் ஆறு மாதம் நாயனமே வேண்டாம், வாய்ப்பாட்டுப் போதும். தொடக்கச் சுரப் பயிற்சிகளான சரளி, ஜண்டை, அலங்காரம் மூன்றையும் மூன்று காலத்திலும் (வேகத்திலும்) பாடி, கையால் தாளம் போடப் பழகட்டும். காரணம் கருவியின் அமைப்பிலேயே இருக்கிறது. விரல் வைக்கும் துளைகள் ஏழுதான், வேண்டிய சுரத்தானங்களோ பன்னிரண்டு. மீதியைத் துளையைப் பாதி மூடியும், காற்றை இறுக்கித் தளர்த்தியும், உதட்டின் பிடியாலும் எடுக்க வேண்டும். ஆர்மோனியம்போல் கட்டையை அழுத்தினால் சுரம் வந்து நிற்கிற கருவி அல்ல. சாதாரண காந்தாரம் என்ற சுரம் எங்கே நிற்கிறது என்று காதுக்கும் தொண்டைக்கும் தெரியாத பிள்ளைக்கு, விரலும் உதடும் அதைக் கண்டுபிடித்துத் தராது. பாடத் தெரியாமல் ஊதக் கற்றவர்களின் கல்யாணி ராகம், பெரியவர்களான பிறகும் அதன் மத்தியமச் சுரமான பிரதிமத்தியமத்தில் ஆடிக்கொண்டிருக்கும்.

அடுத்தது சீவாளி, அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு, மட்டும். கருவியில் செருகாமல், ஈரமாக்கி, உதட்டால் பிடித்து ஊதப் பழக வேண்டும். பல் படக் கூடாது. ஒரே ஒலியை நடுக்கமில்லாமல் முதலில் பத்து விநாடி, போகப்போக இருபது விநாடி நிறுத்த வேண்டும். பிறகு கருவியில் செருகி ஆதார சட்ஜம், பஞ்சமம், மேல் சட்ஜம் மூன்றை மட்டும் நீட்டிப் பிடிப்பது. முதல் மூன்று மாதம் காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடத்துக்கு மேல் ஊத விடாதீர்கள். உதட்டுத் தசை சோர்ந்ததும் ஓரத்தில் காற்றுக் கசியும், சுருதி இறங்கும். இறங்கிய சுருதியை ஏற்றப் பிள்ளை பல்லால் கடிக்கத் தொடங்குவான். இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் மாற்றுவதற்கு வருடக்கணக்காகும், நாதமும் கீச்சென்றே நிற்கும். கன்னம் உப்புவதும் அப்படித்தான். காற்றை அடிவயிற்றிலிருந்து தள்ளாமல் கன்னத்தில் சேர்த்துவைத்து ஊதினால் நீண்ட பிடிப்பு வராது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஊதுவதையும் தவிர்க்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் போகட்டும்.

இரண்டாம் ஆண்டில் வர்ணம், துத்துக்காரம் இரண்டும் வரும். துத்துக்காரம் என்பது நாக்கு நுனியால் காற்றை வெட்டி வெட்டி விடுவது, துரித காலத்தில் சுரங்கள் ஒன்றோடொன்று குழையாமல் தனித்தனியாக விழுவது அதனால்தான். இதை அவசரப்பட்டுக் கற்றால் எல்லாச் சுரமும் வெட்டுப்பட்டுக் கமகம் (சுரத்தின் அசைவு) செத்துவிடும். நீண்ட பிடிப்பு கைவந்த பிறகே அதைத் தொட வேண்டும்.

கருவி வாங்குவதில்தான் பெற்றோர் அதிகம் ஏமாறுகிறார்கள், ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாயனத்தின் உடல் ஆச்சா மரத்தில் கடையப்படுகிறது. கீழே மலர்ந்த பகுதி அணைசு, அதை வாகை மரத்தில் செய்வார்கள். மேலே உலோகக் கெண்டை, அதன் மேல் சீவாளி. கும்பகோணத்துக்கு அருகிலுள்ள நரசிங்கம்பேட்டை இதற்குப் பேர்பெற்றது. அந்த ஊர் நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு 2022-இல் கிடைத்தது. பழைய வீடுகளின் தூண், உத்திரமாக இருந்து பல பத்தாண்டுகள் உலர்ந்த ஆச்சாவே சிறந்தது. ஈரம் மீதமிருக்கும் புது மரம், கடைந்தபோது சரியாக இருந்துவிட்டு, கரூர், ஈரோடு வெயிலில் இரண்டு கோடை கண்டதும் உட்குழல் கோணிவிடும். வெளியே வெடிப்பு தெரியாது. மேல் ஸ்தாயியில் சுரம் சேராமல் போகும்போதுதான் தெரியவரும்.

திமிரி, பாரி என்று இரண்டு வகை. திமிரி குட்டை, சுருதி உச்சம். நாலு கட்டைக்கு (சுருதி அளவு) மேலே நிற்கும். பாரி நீளம், இரண்டு, இரண்டரைக் கட்டை. திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியைக் கொண்டு பாரியைச் செம்மைப்படுத்திக் கையில் எடுத்த பிறகுதான் அது எல்லோருக்கும் உரியதானது. இன்று கல்யாணத்துக்கும் கச்சேரிக்கும் பாரியே நடப்பு. ஆனால் பதினோரு வயதுப் பிள்ளையின் விரல் பாரியின் துளைகளுக்கு எட்டாது. எட்டாத விரலை இழுத்து வைத்தால் துளை முழுதாக மூடாது, பக்கவாட்டில் காற்றுப் போகும், பிள்ளையோ தனக்கு ஊத வரவில்லை என்று நினைத்துக்கொள்வான். சிறிய கருவியில் தொடங்கி, கை வளர்ந்ததும், பெரும்பாலும் பதினான்கு, பதினைந்து வயதில், பாரிக்கு மாறலாம். தொடக்கக் கருவியை ஆசானிடமே பழையதாகக் கேட்டு வாங்குங்கள். பாரியை மட்டும் புதிதாக, செய்கிற இடத்துக்கே ஆசானையும் அழைத்துப்போய் வாங்குங்கள்.

அங்கே பார்க்க வேண்டியவை: ஒரே சீவாளியைப் போட்டு ஆதார சட்ஜமும் மேல் சட்ஜமும் சேர்கிறதா, மேல் பஞ்சமம் முட்டாமல் எழுகிறதா, துளைகளின் விளிம்பு விரலை அறுக்காமல் மழுங்கியிருக்கிறதா. விரல் துளைகளுக்குக் கீழே உள்ள ஐந்து துளைகளில் மெழுகு வைத்திருப்பார்கள். அவை சுருதி திருத்துவதற்கானவை. அடைத்தால் சுருதி இறங்கும், திறந்தால் ஏறும். வாங்கும்போதே எல்லாவற்றையும் அடைத்தோ எல்லாவற்றையும் திறந்தோ வைத்துத்தான் சுருதி சேர்கிறது என்றால் பின்னால் திருத்த இடமே இருக்காது. அந்தக் கருவி வேண்டாம்.

வாங்கியபின் காப்பது எளிது. வாசித்து முடித்ததும் நூலில் கட்டிய துணியை உள்ளே இழுத்து எச்சில் ஈரத்தைத் துடைக்க வேண்டும். நிறுத்திய காருக்குள் வெயிலில் ஒருபோதும் விடக் கூடாது. எண்ணெய் பூசுவதைச் செய்தவரிடம் கேட்டு, அவர் சொன்ன அளவோடு நிறுத்துங்கள்.

சீவாளிதான் நாயனக்காரரின் ஆயுள்பிரச்சினை. காவிரிக் கரையில் வளரும் கொறுக்கை என்ற நாணலை வேகவைத்து, பதப்படுத்தி, நசுக்கி, நூலால் கட்டிச் செய்கிறார்கள். திருவாவடுதுறைச் சீவாளிக்குத் தனி மதிப்பு. பத்து வாங்கினால் நன்றாகப் பேசுவது மூன்றோ நாலோதான், இதற்கு மனம் தயாராக இருக்க வேண்டும். கனமான சீவாளி அதிகக் காற்றுக் கேட்கும், சுருதியை ஏற்றும், அரை மணியில் உதடு ஓய்ந்துவிடும். மெலிந்தது எளிதாகப் பேசும், ஆனால் மேல் ஸ்தாயியில் வாய் மூடிக்கொண்டு சத்தமே நின்றுவிடும். வாய் அதிகமாக மூடியிருந்தால் ஊசியைச் செருகி மெல்லத் திறக்க வேண்டும், அதிகமாகத் திறந்திருந்தால் ஈரத்தில் வைத்து விரலால் அழுத்திக் குறைக்க வேண்டும். இரண்டையும் நன்கு நனைந்தபின் செய்யாவிட்டால் நுனி கீறிவிடும்.

நம் வட்டாரத்துக்கென்று ஒரு தொல்லை உண்டு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே அடிக்கும் காற்றில் கோவை, பல்லடம், தாராபுரம் பக்கம் சீவாளி பேசிக்கொண்டிருக்கும்போதே காய்ந்துபோகும். தேர் ஊர்வலத்தில் ஐந்து நிமிடம் நாயனத்தை இறக்கிவைத்தால் போதும், மறுபடி எடுக்கும்போது ஒலி கரகரக்கும். அந்த மாதங்களில் பதம் பார்த்த ஆறு சீவாளியாவது பெட்டியில் இருக்க வேண்டும், இரண்டு எப்போதும் நனைந்த நிலையில் இருக்க வேண்டும். வாசிப்பதற்கு அரை மணி முன்பே நனைத்து, ஊதிச் சூடேற்றிய பிறகே சுருதிப் பெட்டியோடு சேர்க்க வேண்டும். குளிர்ந்த கருவியில் சேர்த்த சுருதி, சூடேறியதும் மேலே போய்விடும். அப்போது கெண்டையைச் சற்று வெளியே இழுத்தால் இறங்கும், உள்ளே தள்ளினால் ஏறும். கெண்டையில் சுற்றிய நூல் தளர்ந்திருந்தால் காற்று அங்கேயே கசியும். சுருதி சேரவில்லை என்று சீவாளியை மாற்றிக்கொண்டே போகிறவர்கள் முதலில் இந்த நூலைப் பார்க்க வேண்டும்.

எங்கே கற்பது? அரசு மாவட்ட இசைப்பள்ளி ஈரோட்டிலும் கரூரிலும் சேலத்திலும் இருக்கிறது. நாதசுரம், தவில் இரண்டும் மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பு. சேரும் வயது 12 முதல் 25 வரை. பழனியில் தேவஸ்தானத்தின் தவில், நாதஸ்வரப் பள்ளி உண்டு. ஆனால் இசைப்பள்ளி பகல்நேர வகுப்பு. உங்கள் பிள்ளையைப் பத்தாம் வகுப்பையோ பன்னிரண்டையோ முடிக்காமல் அங்கே சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. அதுவரை கோபி, பவானி, அந்தியூர் பக்கத்தில் கோயில் முறை வாசிக்கும் ஆசானிடம் காலையில் விடுங்கள். பிறகு இசைப்பள்ளிச் சான்றிதழை வாங்கிவிட வேண்டும். இந்து சமய அறநிலையத் துறைக் கோயில்களில் நாதஸ்வரம், தவில், தாளம் பணியிடம் அறிவிக்கும்போது அந்தத் தாள் இல்லாமல் எவ்வளவு வாசித்தாலும் கேட்க மாட்டார்கள். ஆசானைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்று பாருங்கள்: அவர் பாடிக் காட்டுகிறாரா? ஊதி மட்டும் காட்டுபவரிடம் பிள்ளை விரலைத்தான் கற்பான்.

கோயில் முறை என்றேன், எந்த நேரத்துக்கு எந்த ராகம் என்ற ஒழுங்கு அது. விடியலில் பூபாளம், பௌளி, மலயமாருதம். பொழுது ஏற ஏறப் பிலகரி, தன்யாசி. உச்சியில் மத்தியமாவதி, சுருட்டி. மாலையில் பூர்விகல்யாணி, கல்யாணி. இரவில் காம்போதி, தோடி என்று விரிந்து, பள்ளியறையில் நீலாம்பரியில் அடங்கும். சுவாமி புறப்பாட்டுக்கு முதலில் தவில் தட்டி, கம்பீர நாட்டையில் மல்லாரி. மல்லாரிக்குச் சாகித்தியம் கிடையாது, சுரமும் தாளக் கணக்கும்தான். தளிகைக்கு (நைவேத்தியத்துக்கு) ஒன்று, தீர்த்தத்துக்கு ஒன்று, தேருக்கு ஒன்று என்று வகை உண்டு. தேர் மல்லாரி தெரியாத நாயனக்காரரை அவிநாசித் தேருக்கு யாரும் அழைக்க மாட்டார்கள். இவை புத்தகத்தில் படித்து வருவன அல்ல. ஆசான் பின்னால் இரண்டாம் நாயனமாகவோ, தாளம் போட்டுக்கொண்டோ இரண்டு மூன்று வருடம் நடந்துதான் வரும். நாயனத்தைத் தொடுமுன் ஒரு வருடம் ஜாலராத் தாளம் போட்ட பிள்ளை, கணக்கில் ஒருநாளும் தடுமாற மாட்டான்.

கொங்கு நாட்டுக்கென்று நான் கூடுதலாகச் சொல்வது தேவாரமும் திருப்புகழும். அவிநாசி, திருமுருகன்பூண்டி, பவானி, திருச்செங்கோடு, வெஞ்சமாக்கூடல், கரூர், கொடுமுடி ஆகிய ஏழும் பாடல்பெற்ற தலங்கள். அந்தந்தத் தலத்துப் பதிகத்தை, ஓதுவாரிடம் சொல் பிரிவு கேட்டு, அதே பண்ணில் அங்கேயே வாசிப்பவர் அரிது. சொல் தெரியாமல் மெட்டை மட்டும் ஊதினால் மூச்சு எடுக்கும் இடம் தவறி, பதிகத்தின் சொல் இரண்டாக உடையும். பழனி, சென்னிமலை, சிவன்மலை, மருதமலை என்று முருகன் மலைகள் நிறைந்த நாட்டில், திருப்புகழின் சந்த தாளங்கள் நாலைந்து கைவசம் இருந்தால் தைப்பூச மாதம் முழுதும் வேலைதான். காவடி முன்னால் நடக்கும்போது சிந்து வேண்டும். அங்கே விஸ்தாரமான ஆலாபனை எடுபடாது, காவடி எடுப்பவரின் கால் நடைக்குத் தாளம் பொருந்த வேண்டும்.

கல்யாணம் தனிப் படிப்பு. கொங்கு வேளாளர் வீட்டுக் கல்யாணத்தில் அருமைக்காரர் (சடங்கு செய்துவைக்கும் பெரியவர்) நடத்தும் சீர்கள் நீளமானவை: முகூர்த்தக்கால், நாட்டுக்கல், இணைச்சீர், பட்டினிச் சாதம், கைகோர்வை என்று போகும். வரிசை ஊருக்கு ஊர் சற்று மாறும். ஆகவே மண்டபத்துக்குப் போனதும் முதல் வேலை அருமைக்காரரைப் பார்த்து, "எந்தச் சீருக்கு எப்போது மேளம் வேணுங்க, எப்ப நிறுத்தணுங்க" என்று கேட்டுக்கொள்வது. மங்கல வாழ்த்துப் பாடும்போது நாயனம் அடங்க வேண்டும். அதன் சொல் சபைக்குக் கேட்க வேண்டும். இடையில் தவில் தட்டு எங்கே விழ வேண்டும் என்பதைப் பாடுபவரிடமே கேட்டுவைக்க வேண்டும். தாலி கட்டும் நேரத்துக்குக் கெட்டிமேளம், அதற்கு முந்தைய சில நிமிடங்களுக்கு ஆனந்தபைரவியோ கல்யாணியோ. முகாரியைக் கல்யாணத்தில் தொடுவதில்லை. முகூர்த்தம் விடியலுக்கு முன்பு என்றால் மூன்று மணிக்கே சீவாளி நனைய வேண்டும். கெட்டிமேளம் சைகை கொடுக்கும் ஆள் யார் என்று முன்பே தீர்மானித்துக்கொள்ளாத செட் (மேளக் குழு), தாலி ஏறி முடிந்தபின் வாசித்துக்கொண்டிருக்கும். அந்த வீட்டில் அடுத்த கல்யாணத்துக்கு அழைப்பு வராது.

வரவேற்பில் சினிமாப் பாட்டுக் கேட்பார்கள், வாசிக்கலாம். ராக அடிப்படை தெரிந்தவர் வாசித்தால் அதுவும் அழகாக இருக்கும். ஆனால் முதல் நாலு வருடம் மாணவன் அதைத் தொடக் கூடாது. கைதட்டல் சீக்கிரம் கிடைக்கும், வர்ணத்தில் மனம் போகாது. பதினெட்டு வயதில் இருபது பாட்டோடு நின்றுபோன பிள்ளைகள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

வருமானத்தின் போக்கைச் சொல்கிறேன், தொகையை ஆசானிடம் கேளுங்கள். வழக்கமான செட் என்றால் இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒரு தாளம், ஒரு சுருதி. பணம் செட்டுக்குப் பேசப்படும், பிரிவினை முன்னணி நாயனக்காரர் கையில். பிரிக்கும் விகிதத்தைப் போகுமுன்பே பேசிவிட வேண்டும். செட் உடைவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, புரட்டாசியில் மிகக் குறைவு. மார்கழியை விடிகாலைக் கோயில் சேவை ஈடுசெய்யும், ஆடியை அம்மன் கோயில்கள். மாசியில் கோனியம்மன் தேர், காரமடைத் தேர், பங்குனியில் ஈரோடு பெரிய மாரியம்மன், பண்ணாரிக் குண்டம், உத்திரம், சித்திரையில் அவிநாசி, வைகாசியில் திருச்செங்கோடு. தை முதல் வைகாசி வரை சேர்ப்பதுதான் வருடத்துக்கு. வாரத்தில் மூன்று நாள் பாடம் சொல்லித்தருவது வெறும் மாதங்களைத் தாங்கும்.

செண்டை மேளம் பாலக்காட்டிலிருந்து வந்து நம் மண்டப வாசல்களைப் பிடித்துவிட்டது. அதோடு சத்தத்தில் போட்டி போட வேண்டாம். ஒப்புக்கொள்ளும்போதே எந்த நேரம் அவர்கள், எந்த நேரம் நாம், எங்கே உட்காருவது என்று எழுதி வாங்கிவிடுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஒலித்தால் நாயனக்காரர் இழுத்து ஊதி உதட்டைக் கெடுத்துக்கொள்வதுதான் மிச்சம். மைக்கை அணைசின் வாய்க்கு நேரே வைப்பதும் தவறு. ஒலி விரல் துளைகளிலிருந்தும் வருவதால், இரண்டு மூன்று அடி தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால்தான் எல்லாச் சுரமும் ஒரே அளவில் கேட்கும். மண்டபத்துக்குள் தவிலுக்கு மைக் வேண்டியதே இல்லை.

மேடைக்கு ஆசைப்படுபவருக்கு அளவுகோல் இது: பதினைந்து ராகங்களில் ஒவ்வொன்றும் இருபது நிமிடம் திரும்பச் சொல்லாமல் ஆலாபனை, ஐம்பது கீர்த்தனை, இரண்டு மூன்று பல்லவி, கூடவே பழகிய ஒரு தவில். அது வந்தபின் கோவை வானொலி நிலையத்தின் குரல்தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். பி, பி உயர்நிலை, ஏ என்று தரம் ஏறும், தரம் கிடைத்தால் சபாக்கள் கவனிக்கும். பதினெட்டு வயதுக்குள் மாவட்டக் கலை மன்றத்தின் கலை இளமணி விருதுக்கும் விண்ணப்பிக்கலாம்.

காதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. தவிலின் வலந்தலைக்கு (வலப்பக்க முகத்துக்கு) இரண்டடி தூரத்தில் முப்பது வருடம் உட்கார்ந்தவர்களில் பலருக்கு உயர்ந்த ஒலி கேட்பது குறைந்துவிடுகிறது, அதன்பின் சுருதி சேர்ப்பதே சிரமம். சிறு வயதிலிருந்தே தவிலுக்கு நேர் முன்னால் உட்காராமல் ஓரடி பின்தள்ளி உட்காரப் பழக்குங்கள். சாதகம் செய்யும் அறையில் நாலு சுவரும் வெறுமையாக இருந்தால் ஒலி திரும்பி அடிக்கும், ஒரு பக்கம் கனத்த துணி தொங்கவிடுங்கள். ஒலிபெருக்கிப் பெட்டி எதுவும் வாசிப்பவரின் தலைக்கு நேராக வைக்கப்பட்டிருந்தால், வாசிக்கத் தொடங்குமுன் திருப்பிவைக்கச் சொல்லிவிட வேண்டும்.